வராதவர்களின் பட்டியல்



மனநல மருத்துவம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது கீழ்ப்பாக்கம் அல்லது பெங்களூரு நிம்ஹான்ஸ். நான் பேச வந்திருப்பது அந்த மதில்களுக்கு வெளியே நடக்கும் வேலையைப் பற்றி. தாலுகா ஆஸ்பத்திரியில் குறிப்பிட்ட நாட்களில் நடக்கும் மனநல ஓ.பி., அதற்கு அப்பால் ஊர்கள், வீடுகள். அங்கே மனநல சமூகப் பணியாளருக்கு என்ன வேலை என்பதே இன்றைய பொருள். ஊரில் எங்களைக் ‘கவுன்சிலர்’ என்பார்கள். வார்டு கவுன்சிலர் என்று எண்ணி, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முறையிட்டவர்களும் உண்டு. அதையும் எழுதிக்கொண்டுதான் வந்திருக்கிறோம்.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் அதை நடத்திப் பார்த்தது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் இத்திட்டம் இருக்கிறது. ஆனாலும் 2015-16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பில், கடுமையான மனநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் சிகிச்சையில் இல்லை என்று தெரிந்தது.

மாதாந்திர அறிக்கையில் நம்மிடம் கேட்பது எத்தனை பேர் வந்தார்கள் என்பதை. என் கருத்தில் சமூகப் பணியாளரின் வேலை, எத்தனை பேர் வரவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறது. போன மாதம் மாத்திரை வாங்கி இந்த மாதம் வராதவர்கள் யார்? ஓ.பி. முடிந்த மாலையில் பதிவேட்டைப் புரட்டி அந்தப் பெயர்களைத் தனியாக எழுத வேண்டும். மறுநாள் அந்தத் தாளோடு பஸ் ஏற வேண்டும்.

ஏன் வரவில்லை என்று கேட்டால் முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் உண்மையாக இருக்காது. “அவனுக்கு இப்ப ஒண்ணுமில்ல தம்பி, நல்லாயிட்டான்” என்பார் அம்மா. திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிய பிறகுதான் மற்றது வரும். மகனைத் தனியாக அனுப்பப் பயம். கூடப் போனால் அம்மாவுக்கு நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலி போய்விடும். அல்லது தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் ஆஸ்பத்திரி நோட்டு படக் கூடாது என்று மாத்திரையை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார்கள். அல்லது வாயில் எச்சில் வடிகிறது, கை நடுங்குகிறது, டீக்கடையில் கிளாசைப் பிடித்தால் நாலு பேர் பார்க்கிறார்கள். இவற்றில் எதற்கும் ஆலோசனை சொல்லி அறிவூட்டுவது விடையாகாது.

ஓர் இளைஞரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரை சாப்பிட்டவர். காதில் கேட்ட குரல்கள் அடங்கி, இரண்டு கறவை மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியிருந்தார். திடீரென்று மாத்திரையை நிறுத்திவிட்டார். ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று கோப்பில் எழுதுவது சுலபம். வீட்டுக்குப் போய்க் கேட்டபோது கதை வேறாக இருந்தது. சீட்டில் ‘இரவு உணவுக்குப் பின்’ என்று இருந்தது. அந்த வீட்டில் இரவு உணவு பத்து மணிக்கு. விடிகாலை நாலு மணிக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். மாத்திரை தரும் தூக்கத்தில் எழுந்திருக்க முடியவில்லை; அப்பா திட்டினார்; மாத்திரை போனது. டாக்டரிடம் பேசி, மாலை ஏழு மணிக்கே மாத்திரை என்று மாற்றினோம். மருந்தும் அளவும் மாறவில்லை. இந்தத் தகவல் ஓ.பி. வரிசையில் கிடைத்திருக்காது. அங்கே டாக்டருக்கு ஒருவரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். பால் கறக்கும் நேரத்தை அதில் யார் கேட்பார்கள்?

இன்னொன்று, வீடு தேடிப் போகும் முறை. அரசு ஜீப்பை வாசலில் நிறுத்தினால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஊர் எல்லையில் இறங்கி நடப்பதே நல்லது. கிராம சுகாதார செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ உடன் வந்தால், ஏதோ தடுப்பூசி விஷயம் என்று அக்கம்பக்கம் நினைத்துக்கொள்ளும்.

நோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைப்பதைப் பற்றிப் பேசாமல் இந்த மேடையிலிருந்து இறங்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 95ஆம் பிரிவில், எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. கட்டிவைத்த தகப்பன் பெரும்பாலும் கொடியவர் அல்ல. பகலில் கூலிக்குப் போகிறவர். மகன் நெடுஞ்சாலைப் பக்கம் ஓடிவிடுவானோ என்று அஞ்சுகிறவர். அவிழ்க்கச் சொல்வதற்கு முன் பகலில் யார் பார்த்துக்கொள்வது, முதல் இரண்டு வாரம் தூக்கத்துக்கு என்ன வழி, ஊசி போட யார் வருவது என்று பேசி முடித்திருக்க வேண்டும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகாதே என்று சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. திருச்சிக்கு அருகே குணசீலத்தில் ஒரு மண்டலம், 48 நாள், தங்குகிறவர்கள் பல தலைமுறைகளாக உண்டு. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. தமிழகக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேருக்கு, மருந்தில்லாமலேயே நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக அதில் கண்டார்கள். அங்கே கட்டுவதும் இல்லை, அடிப்பதும் இல்லை. உறவினர் கூடவே இருந்தார். செய்வதற்குச் சின்னச் சின்ன வேலைகள் இருந்தன. மருந்து வேண்டாம் என்பதற்கு இது சான்று அல்ல. மரியாதையோடு நடத்தப்படும் இடம் என்ன செய்யும் என்பதற்குச் சான்று. குடும்பத்திடம் நான் சொல்வது: போய் வாருங்கள், மாத்திரையையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு தேடிப் போவதன் பலனைக் காட்டிய ஆய்வும் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப் அதில் பங்கேற்றது. 2014இல் லான்செட்டில் வெளியானது. கோவா, சதாரா, தமிழகக் கிராமப்புறம் ஆகிய மூன்று இடங்களில், மனச்சிதைவு உள்ள 282 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் வீட்டுச் சந்திப்பும். ஓராண்டில் இரண்டாம் பிரிவினர் ஓரளவு கூடுதலாகத் தேறினார்கள். மருத்துவ வசதி குறைந்த நம் கிராமங்களில்தான் பலன் அதிகம் தெரிந்தது.

காகித வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டுள்ளது. பாதிப்பை மதிப்பிடும் ஐடியாஸ் அளவுகோலில் 40 சதவீதம் வந்தால் சான்றிதழ் கிடைக்கும். இது குமாஸ்தா வேலை என்று முகம் சுளிக்கும் சக பணியாளர்களை எனக்குத் தெரியும். வீட்டில் தண்டச்சோறு என்று பேர் வாங்கியவர், தன் பெயரில் ஓர் அட்டையும் பஸ் சலுகையும் பெற்றுவரும் நாளில் அந்த வீட்டின் பேச்சு மாறுகிறது. சிகிச்சை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசியாக ஒரு கோரிக்கை. மனநல சமூகப் பணியாளர் பணியிடங்கள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் உள்ளவை. சம்பளம் குறைவு, நல்ல பணியாளர் வேறு இடம் கிடைத்ததும் போய்விடுகிறார். புதியவர் கோப்புகளைப் பெற்றுக்கொள்கிறார். எந்த வீட்டில் யாரிடம் முதலில் பேச வேண்டும், எந்த மாமாவிடம் பேசவே கூடாது என்பது கோப்பில் இல்லை. பழையவரும் புதியவரும் ஒரு மாதம் சேர்ந்து வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் இரட்டைச் சம்பளம் ஆகும். எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் அந்த வரியை நான் பார்த்ததில்லை. இந்த அவையில் இருக்கும் அதிகாரிகள் அடுத்த நிதியாண்டுக்கு அதை எழுதிச் சேர்க்கலாம்.