கைப்பணியும் அதன் கதையும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய சுயதொழில் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறிய அளவில் கைப்பணித் தொழில் செய்யும் பெண்கள் தங்கள் கதையைச் சொல்லிப் பொருளைச் சந்தைப்படுத்துவது எப்படி என்று பேசும்படி சங்கம் என்னைக் கேட்டது. நான் பனையோலைப் பொருட்கள் செய்யும் ஒரு சிறு பட்டறையை நடத்துகிறேன். என்னுடன் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆகையால் நான் சொல்லப்போவது எல்லாம் ஓலைப்பெட்டியைச் சுற்றியே இருக்கும். பத்திக், தையல், நகை, கேக் அலங்காரம் என்று வேறு தொழில் செய்பவர்கள் அந்தப் பெட்டி இருக்கும் இடத்தில் உங்கள் பொருளை வைத்துக் கேளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. பொருளை விற்க ஏன் கதை வேண்டும்? எங்கள் அம்மம்மாமாரின் காலத்தில் நீத்துப்பெட்டிக்கு ஒருவரும் கதை சொல்லவில்லை. பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, புடைக்கச் சுளகு, சுமக்கக் கடகம், வெற்றிலையும் சில்லறையும் வைக்கக் கொட்டப்பெட்டி என்று வீட்டில் எல்லாம் ஓலையாகவே இருந்தன. வாங்க வருபவருக்கு ஓலை தெரியும். இழைத்தவர் எந்த ஒழுங்கையில் இருக்கிறார் என்பதும் தெரியும். இழை நெருக்கமா, விளிம்பு உறுதியா என்று கையால் தடவிப் பார்த்தே விலை பேசினார்கள். கதை அவர்களுடைய விரலிலேயே இருந்தது.

இன்று வாங்குபவரிடம் அந்த அறிவு இல்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கொழும்பில் தொடர்மாடியில் வளர்ந்த பிள்ளைக்கும், ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளைக்கும் குருத்தோலைக்கும் முற்றிய ஓலைக்கும் உள்ள வித்தியாசம் எப்படித் தெரியும்? அவர்களுடைய கண்ணுக்கு ஒரு பிளாஸ்ரிக் கூடையும் எங்களுடைய கூடையும் இரண்டு கூடைகள்தான். ஒன்று மலிவு, மற்றது விலை கூட. அவ்வளவுதான் தெரியும். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் கதையின் வேலை. வாங்குபவர் முன்பு விரலால் அறிந்ததை இப்போது நாங்கள் சொல்லால் அறிவிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்தால், கதையில் எதைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

எங்கள் நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1960களில் நல்லாயன் கன்னியர்கள், ஏழைப் பெண்களுக்குத் தொழிலாக நெசவைக் கற்பித்து வந்தார்கள். அந்தத் துணிகளுக்கு வடிவமைத்துத் தரும்படி ஓவியரான பார்பரா சன்சோனியைக் கேட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் கொழும்பு காலி வீதியில் இருக்கும் 'பெயார்பூட்'. அங்கே போய் ஒரு துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்களை முதலில் பிடித்து நிறுத்துவது நிறம். எங்கள் தீவின் கடலையும் வயலையும் மரங்களையும் பார்த்துப் பழகிய ஒரு கண் அந்த நிறங்களைச் சேர்த்திருக்கிறது. கைத்தறியில் நெய்தது என்பதும் தொட்டவுடன் தெரிகிறது. அந்தத் துணியின் கதை துணிக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொருவர் ஏனா டி சில்வா. 1960களில் பத்திக் கலையை எங்கள் நாட்டில் புதிதாக எழுப்பியவர்களில் முன்னோடி. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் கூரைத்தளத்தை அவருடைய பத்திக் துணிகளே அலங்கரித்தன. பிற்காலத்தில் மாத்தளைக்குப் பக்கத்தில் தன் பூர்வீக ஊரான அலுவிகாரையில் இருந்துகொண்டு, அந்த ஊர்ப் பெண்களுடன் பத்திக், பூத்தையல் வேலைகளைச் செய்தார். ஊரின் பெயரும் வேலையின் தரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

இந்த இரண்டிலும் நான் கவனித்தது ஒன்று. செய்தவர்களின் வறுமை அங்கே விலைச்சீட்டில் தொங்கவில்லை. வாங்குபவர் இரக்கத்தால் வாங்கவில்லை, விரும்பி வாங்கினார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதியில் கைப்பணி செய்யும் பெண்களில் பலர் போரில் கணவனையோ பிள்ளையையோ இழந்தவர்கள். பனைகளும் போரில் அழிந்தன, ஆட்களும் அழிந்தார்கள். இருப்பதை வைத்துக்கொண்டு மீண்டும் எழுந்தவர்கள்தான் இந்தப் பெண்கள். இவர்களுடைய கதைக்கு வெளியில் கேள்வி அதிகம். எந்தக் கதைக்கு என்பதில்தான் சிக்கல்.

சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் பரிசுப்பொருட்கள் விற்கும் ஒரு நிறுவனம் எங்களிடம் நானூறு சிறு பெட்டிகள் கேட்டது. எங்களுக்கு அது பெரிய ஓர்டர். ஆறு பேருக்கும் இரண்டு மாதத்துக்குமேல் வேலை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு அட்டை இருக்க வேண்டும். அதில் இழைத்தவரின் படமும், அவருடைய கணவர் எப்படிக் காணாமல் போனார் என்ற விபரமும் இருக்க வேண்டும். "அது இருந்தால்தான் எங்கள் வாடிக்கையாளர் மனம் நெகிழ்வார்" என்று எழுதியிருந்தார்கள்.

நான் பட்டறையில் எல்லோரையும் இருத்தி, கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எங்களில் மூத்த அக்கா, கையில் இருந்த ஓலையை வாருவதை நிறுத்தாமலே சொன்னார்: "தங்கச்சி, நான் பெட்டியைத்தான் விக்கத் தந்தனான். அவரை விக்கத் தரேல்லை."

மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவர், காசு தேவைதானே, போடட்டும் என்றார். அவருக்குப் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அடுத்த நாள் அவரே வந்து, தன் மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றார். பள்ளிக்கூடத்தில் யாராவது அந்த அட்டையை முகநூலில் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பது அந்தப் பிள்ளையின் கவலை. அட்டையில் பெட்டியைப் பற்றி எழுதித் தருகிறோம் என்று அந்த நிறுவனத்துக்கு அறிவித்தோம். அவர்கள் சம்மதிக்கவில்லை. ஓர்டர் போய்விட்டது. அந்த இரண்டு மாதமும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை மறைத்து, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த அக்காவிடம் நான் பிறகு கேட்டேன்: "அப்ப உங்கட பெட்டியைப் பற்றி அட்டையில என்ன எழுதலாம்?" அன்று அவர் ஒரு மணித்தியாலம் பேசினார். எந்தப் பதத்தில் குருத்தை வெட்ட வேண்டும். மரம் வாடாமல் இருக்க ஒரு மரத்தில் எவ்வளவோடு நிறுத்த வேண்டும். காய்ந்த ஓலையை இழைக்க முன் ஏன் ஈரப்படுத்த வேண்டும். நீத்துப்பெட்டியின் கூர் எப்படி முடிய வேண்டும். தன் தாயார் விளிம்பை மடிக்கும் விதம் என்ன, அது ஏன் பிரியாது. இருபது வருடமாக அவரை அறிந்த எனக்கே அதில் பாதி புதிது. அதில் நான்கு வரியை எடுத்து அட்டையாக அச்சடித்தோம். இன்றும் அந்த அட்டைதான் எங்கள் பெட்டிகளோடு போகிறது. விற்பனை மெதுவாகத்தான் கூடியது. ஆனால் ஒருமுறை வாங்கியவர்கள் திரும்ப வருகிறார்கள். இரக்கப்பட்டு வாங்குபவர் ஒருமுறை வாங்கி, நல்ல காரியம் செய்தேன் என்று திருப்திப்படுவார். பெட்டியில் பிட்டு நன்றாக அவிகிறது என்று கண்டவர், தங்கைக்கும் மருமகளுக்கும் சேர்த்துக் கேட்பார்.

தொழில் தொடங்க நினைக்கும் தங்கைமாருக்கு என் அனுபவத்தில் கண்ட சில விடயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, உங்கள் அட்டையில் நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்கட்டும். எதனால் செய்தது? யார் கையால், எந்த ஊரில்? எவ்வளவு நாள் எடுத்தது? எப்படிப் பாவித்து, எப்படிப் பராமரிப்பது? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கழுவிய ஓலைப்பெட்டியை ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்நாட்டில் வெயில் இல்லாத வீட்டில் அதை எங்கே காயவைப்பது என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பொருள் நீண்ட நாள் உழைத்தால், அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

இரண்டு, நேரத்தைச் சொல்லுங்கள், நேரத்துக்கு விலை போடுங்கள். ஓலைக்கும் சாயத்துக்கும் செலவழித்த காசை மட்டும் கூட்டிப் பார்த்து விலை வைக்கிறோம். காயவைத்த நாளையும், வார்ந்த நேரத்தையும், இழைத்த நேரத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்து எல்லாப் பொருளும் விலை ஏறியபோது, கைப்பொருளின் விலையை மட்டும் ஏற்றப் பலர் கூச்சப்பட்டார்கள். அரைநாள் வேலை என்று அட்டையில் இருந்தால், விலையைக் கேட்பவருக்கு நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மூன்று, இன்னொருவரின் கதையைச் சொல்லுமுன் அவரிடம் கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். எந்தப் படம், எங்கே போகும், எத்தனை நாள் இருக்கும் என்று விளங்கப்படுத்துங்கள். இன்று ஓம் என்றவர் நாளை வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். சம்பளம் கொடுப்பவர் கேட்கும்போது மறுப்பது கடினம் என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் அட்டையில் முகம் இல்லை, கைகள்தான் இருக்கின்றன. பெயர் போட விரும்பியவர்கள் பெயர் போட்டிருக்கிறார்கள். தங்கள் பெயரை அச்சில் பார்த்து அவர்கள் அடைந்த சந்தோசத்தையும் சொல்ல வேண்டும்.

நான்கு, உங்கள் சொந்தக் கதையைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஆனால் அளவோடு சொல்லுங்கள். எனக்கு இழைக்கக் கற்பித்தது அம்மம்மா என்பது பெட்டிக்குச் சம்பந்தமான கதை. என் வீட்டுப் பிரச்சினை பெட்டிக்குச் சம்பந்தமில்லாதது. உங்கள் அம்மம்மா கற்பிக்கவில்லை என்றால் அப்படி எழுத வேண்டாம். மூன்று மாதப் பயிற்சி வகுப்பில் படித்தேன் என்று எழுதுங்கள். அதுவும் மரியாதையான கதைதான். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபையின் பயிற்சிகளில் இந்தத் தொழிலைக் கற்ற பெண்கள் எத்தனையோ பேர்.

இறுதியாக, வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் அக்காமாருக்கும் தோழியருக்கும் ஒரு வேண்டுகோள். ஊர் நினைவில் நீங்கள் வாங்குகிறீர்கள்; அதற்கு நன்றி. இனி வாங்கும்போது, "பாவம், யார் செய்தது?" என்பதோடு, "இது எப்படிச் செய்தது?" என்றும் கேளுங்கள். விளிம்பு பிரிந்தால் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பாராட்டைவிட அது எங்களுக்கு உதவும். வடிவமைப்பு, கணக்கியல், ஏற்றுமதி தெரிந்தவர்கள் வருடத்தில் ஒரு நாளை இங்குள்ள பெண்களுக்கு ஒதுக்குங்கள். எங்கள் பாடசாலையின் பழைய மாணவியரில் யார் என்ன கைத்தொழில் செய்கிறார்கள் என்ற பட்டியல் ஒன்றைச் சங்கம் இந்த நூற்றாண்டு ஆண்டிலேயே தயாரிக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டுக்கொள்கிறேன். முதற் கட்டமாக எங்கள் பட்டறையின் விபரத்தை இன்றே செயலாளரிடம் கையளிக்கிறேன்.