இன்றைக்கு மட்டும்



1939இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், புனித தோமையார் வைத்தியசாலையில், அருட்சகோதரி இக்னேசியாவும் வைத்தியர் ரொபேட் சிமித்தும் குடிப்பவர்களை நோயாளராகவே ஏற்றுச் சிகிச்சை அளித்தார்கள். வீடு திரும்புவோருக்குச் சகோதரி திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிப்பதானால், முதலில் அதைத் திருப்பித் தரவேண்டும்.

அங்கே மருந்தும் செபமும் ஒன்றாகவே நின்றன. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். ஆகவே நேர்த்தி வைக்க முன் வைத்தியரிடம் கூட்டிச் செல்வோம். உடல் தேறிய பின், நாம் சிறுவயதில் பழகிய இரவு ஆத்தும சோதனை கைகொடுக்கும்: இன்று எங்கே தடுமாறினோம்? நாளை யாரிடம் பேசுவோம்? "இன்றைக்கு மட்டும் குடியேன்" என்பதே போதுமான செபம்.

இருதய ஆண்டவர் படம் தொங்கும் நம் வீடுகளிலும் குடி உண்டு. கௌரவத்துக்காக அதை மறைக்காதிருப்போம்.