படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வர முன் ஒரு கடிதம்

(தோட்டக் கிளைத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிமார், பெற்றோர் ஆகியோருக்காக நடந்த கூட்டத்தில் எமது சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மண்டபத்தில் நாம் கூடினால் சம்பளம், வேலைநாள், சேமலாப நிதி பற்றித்தான் பேசுவோம். இன்று பேசப்போவதும் உரிமையைப் பற்றியதுதான். பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை படிப்பை இடையில் விட்டால், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்துவந்த உதவிப்பணத்துக்கு என்ன நடக்கும் என்பதே விடயம்.

எமது தோட்டத்தில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் கோவிலில் பூசை வைக்கிறோம், மாலை போடுகிறோம். அதே பிள்ளை ஆறு மாதத்தில் பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பி வந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. வீட்டில் வெட்கம், அயலில் கிசுகிசு. அந்த மௌனத்தில்தான் பணமும் போகிறது, இடமும் போகிறது.

முதலில் அந்த இடத்தின் பெறுமதியை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதமானோர் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதமானோர் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களில் இருந்தும் எடுக்கப்படுகிறார்கள். அப்படிப் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலை ஆகியவையும் அடங்கும். அந்த வரிசையில் நின்று எமது பிள்ளை பெற்ற இடம் அது. உயர்தரப் பரீட்சையின் மூலம் பல்கலைக்கழகத்துக்கு முயற்சிக்க மூன்று தடவைகள்தான் வாய்ப்பு. ஒருமுறை பதிவு செய்து படித்துவிட்டு விலகியவருக்கு மறுபடியும் அனுமதி கேட்கும் வழி மிகவும் குறுகியது. பதிவை இரத்துச் செய்துவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கவும் கால எல்லை உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் அது எழுதப்பட்டிருக்கும். அதை வாசிக்காமல் எந்தப் பிள்ளையும் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது.

இனி பணத்துக்கு வருவோம். அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவருக்குப் படிப்பு இலவசம். சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசு, புத்தகம் ஆகியவற்றுக்கு இரண்டு வகை உதவி உண்டு. ஒன்று மஹாபொல புலமைப்பரிசில். 1981ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த நம்பிக்கை நிதியம் அதை வழங்குகிறது. மற்றையது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக வரும் பர்சரி என்ற உதவுதொகை. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல மாதம் 5,000 ரூபாவில் இருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி 4,000 ரூபாவில் இருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன.

2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பாருங்கள். 7,500 ரூபா என்பது ஐந்தரை நாள் பேர். ஒரு தாய் கிட்டத்தட்ட ஒரு கிழமை மலையில் நின்று எடுக்கும் கொழுந்து அது.

இந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது? பதிவு செய்த மாணவராக இருந்து, விரிவுரைகளுக்குச் சென்று, பரீட்சை எழுதுவதற்காக. ஆகவே பதிவு முடிந்தால் பணமும் முடியும். ஆனால் எப்படி வெளியே வருகிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த உதாரணமே போதும். சுகமில்லை என்று டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக் கொடுத்தால் செக்ரோலில் பெயர் நிற்கும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் பெயரை வெட்டத் துரைக்குக் காரணம் கிடைத்துவிடும். பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான்.

முதலாவது வழி, ஒன்றும் எழுதிக் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிடுவது. எமது பிள்ளைகள் அதிகம் செய்வது இதைத்தான். இதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வழி. வரவு குறையும். பரீட்சைக்குத் தோற்றப் பொதுவாக 80 சதவீத வரவு கேட்கிறார்கள். பரீட்சைக்குப் போகாவிட்டால் அது வராதவர் கணக்கில் விழும். பின்னர் எழுதினாலும் அது மீள்தோற்றல். மீள்தோற்றினால் எத்தனை புள்ளி எடுத்தாலும் குறைந்த தரத்துக்கு மேல் கொடுக்காத பீடங்கள் பல உண்டு. வகுப்புச் சித்தியும் கைநழுவலாம். உதவிப்பணம் நிற்கும். படிப்புக்குப் போகாத மாதங்களுக்கும் கணக்கில் பணம் விழுந்திருந்தால், அது எமக்கு உரிய பணமல்ல. திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டிவரும். அதைச் செலவழித்துவிட்டுப் பிறகு கடன் தேட வேண்டாம்.

இரண்டாவது வழி, எழுத்து மூலம் பதிவை இரத்துச் செய்வது. வேறு நல்ல இடம் கிடைத்து, நன்றாக யோசித்து எடுத்த முடிவு என்றால் இது நேர்மையான வழி. அன்றோடு மஹாபொலவும் பர்சரியும் முடிந்துவிடும். நூலகம், விடுதி, ஆய்வுகூடம் ஆகிய இடங்களில் நிலுவை இல்லை என்று கையொப்பம் பெற்று, ஒப்படைத்த மூலச் சான்றிதழ்களைத் திருப்பி வாங்க வேண்டும். இரத்துச் செய்த கடிதத்தின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். நாளை வேறு கல்வி நிறுவனத்துக்கோ வேலைக்கோ போகும்போது தேவைப்படும்.

மூன்றாவது வழி, படிப்பை ஒத்திவைக்க அனுமதி கேட்பது. நோய், பிரசவம், வீட்டில் மரணம் போன்ற காரணங்களைக் காட்டி, பீடாதிபதிக்கும் பதிவாளருக்கும் விண்ணப்பிக்கலாம். நோய் என்றால் வைத்தியச் சான்றிதழைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி ஊடாக, குறித்த நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் பதிவு நிற்கும், தவறிய பரீட்சையை முதல் தோற்றலாகவே எழுதலாம். படிக்காத காலத்துக்கு உதவிப்பணம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் திரும்பிச் சென்றதும் மீதிக் காலத்துக்கு அதைக் கேட்க வாசல் திறந்திருக்கும். அதற்காக, ஒத்திவைக்கும்போதே மாணவர் நலன்புரிப் பிரிவில், "நான் திரும்பி வரும்போது எனது மஹாபொலவுக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது. அரச பல்கலைக்கழகம் கிடைக்காமல், 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தில் தனியார் நிறுவனங்களில் படிக்கும் பிள்ளைகள். அது புலமைப்பரிசில் அல்ல, வங்கிக் கடன். வட்டியை அரசு பார்த்துக்கொள்கிறது, முதல் எமது தலையில். படிப்பை விட்டாலும் அதுவரை கட்டிய தொகை கடனாகவே நிற்கும். பட்டம் இல்லை, கடன் மட்டும் மீதி. பிணைக்குக் கையெழுத்துப் போட்டது பெற்றோரும் உறவினரும். ஆகவே இந்தப் பிள்ளைகள் விலகுவதற்கு முன் நிறுவனத்துக்கு மட்டுமன்றி வங்கிக்கும் போக வேண்டும்.

தோழர்களே, பிள்ளைகள் ஏன் விட்டுவிட்டு வருகிறார்கள்? சோம்பலால் அல்ல. மஹாபொல முதல் தவணை கையில் கிடைக்க மாதங்கள் ஆகும். அதுவரை அறை வாடகைக்குக் காசில்லை. ஆங்கிலத்தில் விரிவுரை புரிவதில்லை. பகிடிவதை தாங்க முடிவதில்லை. அப்பாவுக்குச் சுகமில்லை, தம்பி தங்கையைப் பார்க்க ஆளில்லை.

இவற்றில் பலவற்றுக்கு விலகல் மருந்தல்ல. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். பாதிக்கப்பட்ட பிள்ளை ஏன் இடத்தை இழக்க வேண்டும்? முறைப்பாடு செய்வோம், சங்கம் கூட வரும். முதல் தவணை வரும்வரையான தட்டுப்பாட்டுக்குத் தோட்டக் கிளை, கோவில் சபை, பழைய மாணவர்கள் சேர்ந்து கைமாற்றுக் கொடுக்க முடியும். இரண்டு மூன்று மாதம் தாண்டினால் பிள்ளை நாலு வருடம் தாண்டிவிடும்.

கிளைத் தலைவர்களிடம் நாங்கள் கேட்பது மூன்று காரியம். ஒன்று, உங்கள் தோட்டத்தில் இருந்து எந்தெந்தப் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனையாம் ஆண்டு படிக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு, தவணை நடக்கும் காலத்தில் பிள்ளை இரண்டு கிழமைக்கு மேல் வீட்டில் நின்றால் போய் விசாரியுங்கள். அதட்டாமல் விசாரியுங்கள். மூன்று, கடிதம் எழுதத் தெரியாவிட்டால் சங்க அலுவலகத்துக்குக் கூட்டி வாருங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்போம்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். திரும்பி வந்த பிள்ளையிடம் "ஏன் வந்தாய்?" என்று கேட்க முன், "எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாயா?" என்று கேளுங்கள். எழுதாமல் வந்திருந்தால் அடுத்த நாளே பஸ் ஏறுங்கள். பதிவு உயிரோடு இருக்கும் வரை பிள்ளை திரும்பிப் போகலாம், பணமும் திரும்பக் கேட்கலாம்.