மணலுக்கு அடியில் ஒரு கூட்டு வேலை

லயத்து வீடுகளில் கோழி அடைகாப்பதைப் பார்க்காத பிள்ளைகள் இல்லை. கடலாமை அப்படியன்று. இரவில் கரையேறி, இரண்டடி ஆழக் குழி தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டு, மணலால் மூடிவிட்டுத் தாய் கடலுக்குப் போய்விடும். அடைகாப்பது மணலின் சூடுதான். சூடு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள்!

நம் கிள்ளான் கரையில் சேறும் பாக்காவ் காடும் அதிகம். ஆமைக்கோ மணல் வேண்டும். ஆகவே திரெங்கானுவுக்குப் போவோம். அங்கே ரந்தாவ் அபாங் கரையில் 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் வரை வைத்தது ஏழுவரி ஆமை. முதுகில் நட்சத்திரப் பழம் போல வரிகள் இருப்பதால் மலாய்க்காரர் அதனைப் 'பெலிம்பிங்' ஆமை என்பர். முட்டைகளை மனிதர் தின்றார்கள். ஆமைகள் வலையில் மாண்டன. இன்று அந்த ஆமை அங்கே வருவதே அரிது. பேராமைகள் இன்னும் வருகின்றன. ஆமை முட்டை விற்பனையை 2022இல் அம்மாநிலம் தடை செய்தது.

சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சுகள் ஓட்டை உடைக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு இரண்டடி மணலைத் தாண்டுவது எப்படி? மேலே இருப்பவை கூரை மணலைச் சுரண்டுகின்றன. ஓரத்தில் இருப்பவை சுவரைச் சுரண்டுகின்றன. உதிரும் மணலை அடியில் உள்ளவை மிதித்து இறுக்குகின்றன. தரை உயர உயரக் கூட்டமும் உயர்கிறது. களைத்தால் எல்லாம் ஓயும். ஒன்று அசைந்தால் எல்லாம் அசையும். இப்படிச் சில நாள். ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய துணைவர் ஒருவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், முட்டைகளைத் தனித்தனியே புதைத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக் குஞ்சுகள்கூட மேலே வந்து சேரவில்லை.

மேல்மணல் சுட்டால் குஞ்சுகள் அசையாமல் கிடக்கும். இரவில் குளிர்ந்ததும் மொத்தமாகப் பொங்கி வெளியே வரும். பகலில் வந்தால் வெயிலும் பறவையும் விடுமா?

இருட்டில் கடற்பக்கம் சற்று வெளிச்சமாகத் தெரியும். அதை நோக்கியே ஓடும். விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகும் குடும்பங்கள் டார்ச் விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கைக் கடலென்று நம்பிக் குஞ்சு எதிர்ப்புறம் போகும். வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கருதான் முதல் சில நாளுக்கு அதன் கட்டுச்சோறு. கரையிலேயே அலைந்தால், நீந்த வேண்டிய நேரத்தில் அது தீர்ந்துபோயிருக்கும்.