பரண் மேல் இருக்கும் சேமிப்பு

(நமது கூட்டமைப்பின் மே மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னும் சில நாளில் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. ஜூன் மாத உள்கடன் பதிவேட்டைப் புரட்டினால் "பிள்ளை படிப்புச் செலவு" என்றுதான் நிறைய வரி இருக்கும். அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, பை கொடுத்தாலும் அட்டை, பேனா, ஃபைல், கூடுதல் நோட்டு என்று செலவு வந்துகிட்டே இருக்கும். தனியார் பள்ளின்னா கேட்கவே வேண்டாம். படிப்புக்குக் கடன் வாங்குறது தப்பில்லைங்க. ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி, பரண் மேல கிடக்கிற போன வருஷத்து நோட்டுகளை இறக்கிப் பாருங்கள். அதைச் சொல்லத்தான் வந்தோம்.

ஒரு நோட்டில் 32 பக்கம் எழுதாமல் இருக்குன்னு வைங்க. ஆறு நோட்டில் 192 பக்கம். கடையில் விற்கிற 192 பக்க நோட்டு ஒன்று முழுசா நம்ம வீட்டிலேயே இருக்கு! அதைத்தான் அடுப்பு பற்ற வைக்கக் கிழிக்கிறோம்.

எழுதாத தாளை இழுத்துக் கிழிக்காதீங்க. நோட்டு நடுவில் மடித்துத் தைத்தது. கடைசித் தாளின் மறுபாதியில் எழுத்து இருக்கும். மடிப்பில் பிளேடால் கீறி ஒற்றைத் தாளாக எடுங்கள். அளவு பார்த்து அடுக்கி, ஓரத்தில் கோணி ஊசியால் மூன்று துளை போட்டு, கெட்டி நூலால் தைத்தால் ரஃப் நோட்டு தயார்.

தாள் எங்கிருந்து வருகிறது? கரூர் பக்கம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984 முதல் கரும்புச் சக்கையிலும் தாள் செய்கிறது. கரும்பு போடும் நம் மாவட்டத்தில் சக்கை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சக்கையோ மரமோ, தாள் செய்யத் தண்ணீரும் கரண்டும் வேணும். அதனால், இருப்பதை முடித்துவிட்டுப் புதுசு வாங்குவதுதான் முதல் வழி.

அடுத்தது அட்டை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. பையை மாற்றிய நாம், நோட்டுக்கு மட்டும் பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை போடுகிறோம். அந்த அட்டை மக்காது. எரித்தால் புகை நம் நெஞ்சுக்குத்தான். பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையைப் பார்த்த நமக்கு மக்காத குப்பையைப் பற்றிச் சொல்லித் தரணுமா? பழைய மாதக் காலண்டர் தாள் கெட்டியானது. அதன் வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி அட்டை போடுங்கள். பெயரை அதிலேயே எழுதலாம். எழுதி எறியும் பேனாவுக்குப் பதில் ரீஃபில் மாற்றும் பேனாவோ மைப் பேனாவோ வாங்கிக் கொடுங்கள்.

பரீட்சை நேரத்தில் "அம்மா, அந்தத் தாளைக் காணோம்" என்று பிள்ளைகள் தேடும். அதற்குப் பிளாஸ்டிக் ஃபைல் வேண்டாம். அட்டைப்பெட்டியை வெட்டி இரண்டு பக்கமும் வைத்து, ஆபீசில் கோப்பு கட்டுகிற டேக்கால் கட்டுங்கள். பாடத்துக்கு ஒரு நிறமாகத் துண்டுத் துணியை ஓரத்தில் ஒட்டினால் எடுக்க வசதி. தையல் வேலை செய்யும் அக்காக்கள் துணி தந்தால் எல்லோருக்கும் ஆகும்.

இரண்டு விஷயம் முக்கியம். தைத்த நோட்டு பொண்ணுக்கு, புது நோட்டு பையனுக்கு என்று எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. சிக்கனம் என்றால் இரண்டு பேருக்கும் சிக்கனம். பொண்ணு தலையில் மட்டும் ஏற்றினால் அது சிக்கனம் இல்லை, ஓரவஞ்சனை. இன்னொன்று, பிள்ளையை வகுப்பில் கேலி செய்தால் அது மனசு உடைஞ்சிடும். ஒரு வீட்டுப் பிள்ளை மட்டும் கொண்டுபோனால்தான் கேலி. தெருவில் இருபது பிள்ளைகள் கொண்டுபோனால் அது வழக்கம். அதனால்தான் இதைக் குழுவாகச் செய்யச் சொல்கிறோம். ஆசிரியரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வரும் வாரக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பழைய நோட்டுகளோடு வாங்க. எத்தனை பக்கம் மிச்சம் என்று எண்ணித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு கடன் தேவை என்று முடிவு செய்வோம்.