போட்டோல நான் மட்டும் ஏன் இப்படி இருக்கேன்?

குரூப் போட்டோன்னு யாராவது சொன்னதுமே, "குடுங்க, நான் எடுக்கறேன்"னு போனை வாங்கிக்கற ஆள் ஒருத்தர் எல்லா வீட்டுலயும் இருப்பாங்க. எங்க வீட்டுல அது நான். பத்து வருஷ ஆல்பத்துல நான் இல்லவே இல்ல. என் முகம் வேணும்னா ஆதார் கார்டுலதான் பார்க்கணும். அதைப் பார்த்து என்னை யாரும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்னு தோணுச்சு. அதனால, நானே என்னை எடுத்துப் பார்க்கலாம்னு ஆரம்பிச்சேன்.

முதல்ல, ஏன் பிடிக்கல? 1977-ல அமெரிக்காவுல, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தோட மில்வாக்கி வளாகத்துல, ஒரு ஆய்வு பண்ணாங்க. ஒரே படத்தை நேராவும், இடவலம் மாத்தியும் ரெண்டு பிரின்ட் போட்டுக் காட்டினாங்க. படத்துல இருந்த பெண்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கண்ணாடில தெரியற மாதிரி இருந்ததுதான் பிடிச்சது. அவங்க நண்பர்களுக்கு நேர் படம் பிடிச்சது. அவங்கவங்களுக்குப் பழகின முகம்தான் அழகு. அப்போ என் போட்டோ எனக்கு மட்டும்தான் விநோதமா இருக்கு, மத்தவங்களுக்கு அது சாதாரண நான்தான். இது தெரிஞ்சதும் பாதி பாரம் இறங்குச்சு.

மீதி பாதி நம்ம ஊர்ப் பிரச்சனை. குரோம்பேட்டைல ஒரு ஸ்டூடியோல பாஸ்போர்ட் சைஸ் எடுத்தேன். அந்த அண்ணன் கேட்காமலே என்னை ரெண்டு ஷேடு வெளுப்பாக்கி, "நல்லா வந்திருக்குல்ல?"ன்னார். நல்லாத்தான் இருந்தது. ஆனா அது நான் இல்ல. இது அவரோட ஆரம்பிச்ச கதையும் இல்ல. கோடாக் கம்பெனி லேப்களுக்குக் கலர் சரிபார்க்க அனுப்பின 'ஷர்லி கார்டு'ல, பல வருஷம் வெள்ளைக்காரப் பொண்ணு முகம்தான் இருந்தது. அந்தத் தோல் சரியா வந்தா படம் சரின்னு கணக்கு. இன்னைக்கு போன்ல இருக்கற பியூட்டி மோடும் அந்த வேலையைத்தான் பார்க்குது. அதை முதல்ல ஆஃப் பண்ணுங்க.

அப்புறம் தூரம். கை நீட்டி எடுத்தா மூக்குதான் ஹீரோ. போனை ஷெல்ஃப்ல கண் உயரத்துக்கு வெச்சு, பத்து செகண்ட் டைமர் போட்டு, அஞ்சடி தள்ளி நில்லுங்க. பின்னாடி வெள்ளைச் சுவர் வேண்டாம். போன் அந்தச் சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைச்சிடும், மாநிறமும் கறுப்பும் அப்படியே இருட்டாயிடும். எனக்கு சரியா வந்த இடம் எங்க அபார்ட்மென்ட் மாடிப்படி: பின்னாடி பழைய மரக்கதவு, முன்னாடி ஜன்னல் வெளிச்சம்.

முகமே காட்ட வேண்டாம்னாலும் வழி இருக்கு. விவியன் மேயர்னு ஒருத்தங்க, சிகாகோல குழந்தைகளைப் பார்த்துக்கற வேலை. தன்னைப் பத்தி யார்கிட்டயும் அதிகம் பேசாதவங்க. ஒரு லட்சத்துக்கு மேல படம் எடுத்தும் கிட்டத்தட்ட யாருக்கும் காட்டல. 2007-ல ஏலத்துக்கு வந்த பெட்டிகள்லதான் அது வெளில தெரிய ஆரம்பிச்சது. 2009-ல அவங்க இறந்துட்டாங்க. இவ்வளவு ஒதுங்கின ஆள், தன்னைத் தானே எடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க! கடைக் கண்ணாடில, புல் மேல விழுந்த நிழல்ல, பல படத்துல சிரிப்பே இல்லாம. ஒதுங்கறதுக்கும் ஒளியறதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சது.

நம்ம ஏரியா இதுக்கு ரொம்ப வசதி. கடை திறக்கறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி ரோடு ஷோரூம் கண்ணாடிங்க எல்லாம் நமக்குத்தான். (தாம்பரம் ஏர்போர்ஸ் காம்பவுண்டுப் பக்கம் மட்டும் கேமராவைத் தூக்காதீங்க. தண்டவாளம் பக்கமும் வேண்டவே வேண்டாம்.) காலைல ஏழு மணிக்கு மொட்டை மாடில நின்னா நிழல் மேற்கே நீளமா விழும். என் முதல் படம் அதுதான். கொடில காயற லுங்கிக்கும் சின்டெக்ஸ் டேங்குக்கும் நடுவுல ஒரு தலை, ரெண்டு காது.

எடுத்ததும் அழிச்சிடாதீங்க, ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க. எனக்கு அனுப்பணும்னு அவசியமே இல்ல, உங்க போன்லயே இருக்கட்டும்.