கிள்ளான் இருப்புப்பாதையும் நம் வீட்டு ஆவணங்களும்



கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை 1886ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பெற்றது. அன்று அது கிள்ளான் நகரைத் தொடவில்லை; ஆற்றுக்கு இப்பால் புக்கிட் கூடாவிலேயே நின்றுவிட்டது. ஆற்றுப் பாலம் 1890இல் அமைந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டபின் ஈயமும் பின்னர் இரப்பரும் இவ்வழியே கடலை அடைந்தன.

இவற்றுக்கெல்லாம் சான்று தேடி நாம் அலைய வேண்டியதில்லை. தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகளும் இரயில்வே ஆண்டறிக்கைகளும் செலவையும் சரக்கையும் வருவாயையும் எடுத்துரைக்கும். ஆனால் தண்டவாளம் பதித்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் எண்ணிக்கையே எதிர்ப்படும். அக்காலப் பதிவுகள் நம் முன்னோரைக் "கிளிங்" என்றும் "கூலி" என்றும் குறித்தன. ஆகவே "தமிழர்" என்னும் சொல்லை மட்டும் தேடும் மாணவர் பல தாள்களைத் தவறவிடுவார். இன்று வசைச்சொல்லாகிவிட்ட அதனையும் தேடித்தான் ஆகவேண்டும். மனம் கூசினாலும் வேறு வழியில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. அலுவலக எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றியோருள் யாழ்ப்பாணத் தமிழர் மிகுதி. பாதையைப் பேணிய தொழிலாளர் பெரும்பாலும் தமிழகத்தவர். முன்னவரின் கையொப்பமாவது தாளில் எஞ்சியது. பின்னவருக்கு அதுவும் அரிது. இரயில்வேத் தமிழர் என்று நாம் ஒரே சொல்லில் அடக்கும்போது இவ்வேறுபாட்டை மறந்துவிடுகிறோம்.

செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸ், இரயில்வேப் பணிமனையும் குடியிருப்புகளும் வந்தபின் தமிழரின் ஊராயிற்று. கந்தசுவாமி கோயிலும் 1904இல் தோன்றிய விவேகானந்தர் ஆசிரமமும் அங்கே இலங்கைத் தமிழர் முயற்சியால் எழுந்தன. செந்தூலிலிருந்து பத்துமலைக்குச் செல்லும் கிளைப்பாதையோ சுண்ணாம்புக்கல் ஏற்றுவதற்காகப் போடப்பட்டது. இன்று தைப்பூசத்தின்போது அதே தடத்தில் பக்தர் கூட்டம் அலைமோதுகிறது. கல் ஏற்றிய கணக்கில் காவடியைத் தேடிப் பயனில்லை; அதனைப் பாட்டிமாரிடந்தான் கேட்க வேண்டும்.

அங்ஙனம் கேட்பதற்கும் காலம் குறுகிவருகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் 1915இல் கட்டப்பெற்ற "நூறு குவார்ட்டர்ஸ்" வீடுகள் இடித்து அகற்றப்பட்டன. அத்தகைய குடியிருப்புகளிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பெட்டிகளை எடுத்துச் சென்றன. பெட்டிக்குள் இருந்த நியமனக் கடிதமும் ஓய்வூதியப் புத்தகமும் நிழற்படங்களும் அடுத்த வீடுமாற்றத்தில் பழைய தாள் வாங்குவோரிடம் போய்விடக்கூடும்.

ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள ஒரு தாளைப் படியெடுத்து வரட்டும். அதிலுள்ளவரின் பெயர் ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, வீட்டார் தமிழில் எவ்வாறு அழைத்தனர் என்னும் இரண்டையும் அருகருகே குறிக்கட்டும். சுப்பிரமணியம் என்னும் ஒரு பெயரை அலுவலகங்கள் எத்தனை விதமாக எழுதின என்பதை நாம் அறிவோம். இவ்விரண்டும் இணைந்தால்தான் காப்பகக் கோப்பில் கிடக்கும் பெயர் இன்னார் வீட்டுத் தாத்தாவுடையது என்று துணிய முடியும். நிழற்படமாயின் அதில் நிற்போர் யார் யார், எந்த வரிசை வீடு என்பதைப் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதுக. மை நாளடைவில் மறுபக்கம் ஊறிவிடும்.